உச்சி வெயிலுக்கு எந்த ஊர் மணி?

கேள்வி: ஏப்ரல் 18, நிழலே விழாத நாள் என்றார்கள். மகளோடு மொட்டை மாடியில் ஒரு அடிக் குச்சியை நட்டுக் காத்திருந்தேன். மொபைலில் சரியாக 12 மணி. நிழல் மேற்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது. குச்சி கோணலா, மணி தப்பா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: இரண்டும் சரிதான். கொஞ்சம் சீக்கிரம் இறங்கி வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

மொபைல் காட்டுவது கோவை மணி அல்ல. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாக ஓடும் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் மணி. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகும். கோவை அந்தக் கோட்டுக்கு மேற்கே சுமார் ஐந்தரைப் பாகை தள்ளி இருப்பதால், சூரியன் உங்கள் தலைக்கு மேல் வர 22 நிமிடம் பிந்தும். 12 மணிக்கு உங்கள் குச்சியின் நிழல் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். ஸ்கேல் வைத்துப் பார்த்தீர்களா?

நான் இருக்கும் மாம்பலத்தில் இந்தத் தாமதம் 9 நிமிடம்தான். 1906இல் இந்திய நேரம் வருவதற்கு முன் ரயில்கள் ஓடியது மதராஸ் நேரத்தில். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். அந்தக் கடிகாரப்படி பார்த்தாலும் கோவைக்கு உச்சி 12.13 வாக்கில்தான். அதாவது, உங்கள் ஊர்க்காரர்கள் அன்றும் இன்னொரு ஊர் மணிக்குத்தான் ரயில் ஏறினார்கள்!

அதற்காக 22ஐ மனப்பாடம் செய்துவிடாதீர்கள். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. இரண்டும் சேர்ந்து உச்சியை முன்னும் பின்னும் இழுக்கும். பிப்ரவரி நடுவில் கோவையில் 12.36 ஆகிவிடும், நவம்பர் தொடக்கத்தில் 12.06க்கே வந்துவிடும். ஏப்ரல் நடுவில் இந்த இழுப்பு ஏறக்குறைய பூஜ்யம்.

அடுத்த வாய்ப்பு ஆகஸ்ட் 24 வாக்கில். அன்று உச்சி 12.24. குச்சி நேராக நிற்கிறதா என்று கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். தெரிந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டு கேட்டு வாங்குங்கள், தரைக்கு ரசமட்டம். 12.15க்கே மகளை மாடிக்கு அனுப்புங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து நின்றால் மட்டும் என்னைத் திட்டாதீர்கள்.