வீட்டுக் கதவு நிலைக்கு வேங்கை மரம் போட்டால் தாங்குமா, தேக்குதான் போட வேண்டுமா?

தாராளமாக வேங்கை போடலாம். "நிலைக்குத் தேக்கு இல்லையா?" என்று யாரோ முகம் சுளித்ததால்தான் இந்தக் கேள்வியே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்களிடமும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

எங்களுக்குத் தென்காசிப் பக்கம். அப்பா தச்சு வேலை செய்பவர். எங்கள் வீட்டு நிலை, ஜன்னல் சட்டம் எல்லாம் அவரே செங்கோட்டையில் பார்த்து எடுத்த வேங்கை. கதவு மட்டும் தேக்கு. நன்றாகக் காய்ந்த தேக்கு கன அடிக்கு 18, 19 கிலோ வரும். வேங்கை 22 கிலோவைத் தாண்டும். சுமை தாங்கவும் கீல் திருகாணியை விடாமல் பிடிக்கவும் வேங்கை ஒரு படி மேல். மழைக்கு உப்பாமல் வெயிலுக்கு முறுக்காமல் நிற்பதில் தேக்கை அடித்துக்கொள்ள முடியாது, அதனால் கதவுக்கு அது. தேக்கை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

சுவர் பூசி முடித்த பிறகு வந்த ஐப்பசி மழையில், வாசல் நிலையை ஒட்டி மஞ்சளாகக் கறை இறங்கியது. சென்னையில் கான்ட்ராக்ட் எடுக்கும் மாமா அதைப் பார்த்துவிட்டு, "சாயம் ஏத்துன கட்டைய உங்க தலையிலயே கட்டிட்டாங்களே அத்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அப்பா பதில் பேசவில்லை. இழைப்புச் சுருளை அள்ளி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டீ நிறமானது. வெயிலில் தூக்கிக் காட்டியபோது ஓரத்தில் நீலம் மினுங்கியது. வேங்கையின் வைரத்தில், அதாவது மரத்தின் முற்றிய உள்கட்டையில், இயற்கையாகவே இருக்கும் சாயம் அது, ஈரம் பட்டால் கசியும். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று விற்கிறார்களே வேங்கைக் குவளை, அதில் ஊறி வருவதும் இதுதான். சுவரில் பதியும் பக்கத்துக்குத் தாரோ பிரைமரோ அடித்த பிறகு நிலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

கடையில் மரத்தின் பெயரைக் கேட்டு மயங்காமல் வைரத்தைப் பாருங்கள். இளந்தேக்கில் ஓரம் வெளுத்த பகுதி நிறைய இருக்கும், கரையான் முதலில் வாய் வைப்பது அங்கேதான். அதைத் தேக்கு விலைக்கு வாங்குவதைவிட வைரம் பாய்ந்த வேங்கை எவ்வளவோ மேல். ஈரம் பார்க்கும் மீட்டர் இருந்தால் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. டைல்ஸ் கடையில் சொன்ன விலையைக் கொடுக்கிறவர்கள் தச்சர் கூலியில் மட்டும் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார்கள். அப்பா எத்தனையோ வீட்டு வாசலில் அதற்காக நின்றதைப் பார்த்திருக்கிறேன். வேங்கையில் ரேகை, அதாவது நார் ஓடும் திசை, மாறி மாறி ஓடும். ஒரு பக்கமாக இழைத்தால் இன்னொரு பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். தேக்கைவிட நேரமும் கை வலியும் கூடுதல். கூலி பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.