கணினி முன்னால் உட்கார்ந்தால் கணினி அறிவியலா?

போன சனிக்கிழமை சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தது. அம்மா, அப்பா, உயர்நிலை நான்கில் படிக்கும் மகள், கூடவே சித்தப்பா. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். உட்கார்ந்ததுமே அம்மா ஆரம்பித்துவிட்டார்: “ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் லேப்டாப்தான் சார். ஏதோ சொந்தமா ஒரு வலைப்பூவாம். அதுக்குக் கலர் மாத்துறா, எழுத்தை மாத்துறா. இது பரீட்சை வருஷம்!”

இந்த வயதில் இது சகஜம்தான், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பா குறுக்கிட்டார். “கம்ப்யூட்டர்ல ஆர்வம் இருக்குல்ல? தொடக்கக் கல்லூரிக்குப் போய் அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டும். என் மகன் அப்படித்தான் போனான். பாலிக்கு (பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு) போனா சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க?” மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குமேல் ஆறுதல் பேச எனக்கு மனம் வரவில்லை. அம்மா, அன்று நான் உங்களிடம் அவசரத்தில் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

தொடக்கக் கல்லூரி, அங்கிருந்து பல்கலைக்கழகம் என்ற பாதையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல பாதைதான். உங்கள் மகளுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

கணினி அறிவியல் என்றால் பெரும்பகுதி கணிதமும் தர்க்கமும். அதை ரசிக்கும் பிள்ளைகள் உண்டு. நான் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “இதில் எந்த வேலைக்காகத் தூக்கம் கெட்டாய்?” நிரல் எழுதியதை அவள் சொல்லவில்லை. அதையெல்லாம் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டாளாம். எழுத்து சரியாக உட்காரவில்லை என்றுதான் மூன்று இரவு விழித்திருக்கிறாள்.

லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். ஆனால் அவள் செய்திருந்தது உங்கள் கண்ணில் பட்டதா என்று தெரியவில்லை. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்த பாட்டியின் நினைவுகளை அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதியிருக்கிறாள். வலைப்பூ அமைக்க உதவும் வேர்ட்பிரஸில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு வார்ப்புருவில் தொடங்கியிருக்கிறாள். அது ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. தமிழை அதில் போட்டதும் மேல்வரி ‘ணு’வின் வால் கீழ்வரி ‘க்’கின் புள்ளியில் போய் இடித்தது. வரி இடைவெளியை 1.4லிருந்து 1.8 ஆக்கினாள். கைப்பேசியில் ‘குடியிருப்புக்காரர்களுக்கெல்லாம்’ மாதிரியான நீளச் சொற்கள் திரையைத் தாண்டி ஓடின. சிறிய திரைக்கு மட்டும் தலைப்பின் அளவைக் குறைத்தாள். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து பார்க்க அழகாக இருந்தது, பாட்டியால் படிக்க முடியவில்லை. கறுப்பாக்கிவிட்டாள்.

வலைத்தளம் எல்லாருக்கும் எட்டும்படி இருக்கவேண்டும் என்பதற்கு டபிள்யூசிஏஜி என்று ஓர் அனைத்துலக வழிகாட்டி இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்கிறது அது. உங்கள் மகள் அதைப் படித்ததில்லை. பாட்டியின் கண்ணை வைத்தே அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். இந்த வேலைக்குப் பெயர் உண்டு, படிப்பு உண்டு, சம்பளம் உண்டு. பயனர் அனுபவ வடிவமைப்பு என்பார்கள். வங்கிச் செயலியில் ஒரு முதியவர் எந்தப் பொத்தானைத் தேடித் தடுமாறுகிறார் என்று பார்த்து, அதைச் சரிசெய்வது இந்த வேலைதான்.

இந்த ஊரில் இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 1990களில் ‘கணியன்’ என்ற பெயரில் தமிழ் மென்பொருள் உருவாக்கி, இணையத்தில் தமிழ் ஏறுவதற்காகப் பாடுபட்டவர். திரையில் தமிழ் எப்படித் தெரிய வேண்டும் என்று கவலைப்பட்ட ஒரு தமிழாசிரியர் அவர். மகளிடம் அவரைப் பற்றிச் சொன்னபோதுதான் அன்று முதல்முறையாக அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சரி, என்ன செய்யலாம்? பல பெற்றோர் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு வாசல் இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கை, இஏஇ என்பார்கள். சாதாரண நிலைத் தேர்வு (ஓ லெவல்) எழுதுவதற்கு முன்பே, ஜூன் கடைசி வாக்கில் விண்ணப்பம் திறக்கும். பிள்ளையின் ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடம் தருவார்கள். மூன்று படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் தொடர்பு வடிவமைப்பு முதலில் பார்க்க வேண்டிய ஒன்று. மற்றக் கல்லூரிகளிலும் இதையொட்டிய படிப்புகள் உண்டு. அவற்றின் பாடப்பட்டியலை மகளே படித்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுதக் கொஞ்சம்தான் இடம். “சிறு வயது முதலே வடிவமைப்பில் ஆர்வம்” என்று அதை வீணாக்க வேண்டாம். “என் பாட்டியால் படிக்க முடியவில்லை, அதனால் மாற்றினேன்” என்று தொடங்கட்டும். நேர்முகத்துக்கு அழைத்தால் முடிந்த தளத்தை மட்டும் காட்டினால் போதாது. முதலில் எப்படி இருந்தது, எது இடித்தது, எதை ஏன் மாற்றினாள், எந்த மாற்றம் தோற்றது என்று திரைப்பிடிப்புப் படங்களோடு வரிசையாகக் காட்ட வேண்டும். தேர்வாளர்களுக்கு அவள் யோசித்த விதம் தெரிய வேண்டும். தோற்றதையும் மறைக்க வேண்டாம். இன்னொன்று: தளத்தில் முழுப்பெயரும் பள்ளியின் பெயரும் புளோக் எண் தெரியும் படமும் இருக்கின்றன. அவற்றை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இடம் கிடைத்தாலும் அது நிபந்தனையோடுதான். தேர்வில் நிகர இஎல்ஆர்2பி2 மதிப்பு (ஆங்கிலத்தோடு ஐந்து பாடங்களின் கூட்டு மதிப்பு, குறையக் குறைய நல்லது) 26 அல்லது அதற்குக் கீழே வரவேண்டும், அந்தப் படிப்புக்கான பாடத் தகுதியும் வேண்டும். இடத்தை ஏற்றுக்கொண்டு தகுதியும் பெற்றுவிட்டால், முடிவு வந்தபின் ஜனவரியில் நடக்கும் பொதுச் சேர்க்கையில் மனம் மாறி வேறு இடம் கேட்க முடியாது. அதனால் அவளுக்கு உண்மையிலேயே வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரவு பன்னிரண்டு மணியும் நிற்க வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரம் தளத்துக்கு, மீதி பாடத்துக்கு. அவளிடமும் இதைச் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டாள்.

பண விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சித்தப்பா சொன்ன 7,000 வெள்ளி தனியார் வலை வடிவமைப்பு வகுப்பில் சேர்க்காதீர்கள். அதில் கற்றுத்தரும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்ற வலைப்பக்க மொழிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, பாதியை அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள். அப்பாவுக்கு அரசு தந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டில் கட்டிவிடலாம் என்றும் அவர் சொன்னார். முடியாது. அது 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் தங்கள் சொந்தப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது, பிள்ளைக்கு மாற்றித்தர வழியில்லை. இப்போதைக்கு ஒரு சொந்த இணைய முகவரி வாங்கிக் கொடுங்கள், ஆண்டுக்கு இருபது வெள்ளி அளவில் முடிந்துவிடும். பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணம் குடிமக்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 வெள்ளி, மூன்று ஆண்டுப் படிப்பு. அதற்கு அவளுடைய பிஎஸ்இஏ என்ற உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். போதாவிட்டால் கல்லூரியின் உதவித்தொகை, இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவி ஆகியவற்றை விசாரிக்கலாம். வெளியே கடன் வாங்க வேண்டாம்.

பலதுறைத் தொழிற்கல்லூரி தரும் பட்டயத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற பயமும் உங்களுக்கு இருந்தது. பட்டயம் முடித்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இங்குள்ள பல்கலைக்கழகங்களில் சேர்கிறார்கள். வடிவமைப்பு வேலை எளிதாகக் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. போட்டி இருக்கிறது, செயற்கை நுண்ணறிவு பாதி வேலையை நொடியில் செய்துவிடுகிறது. ஆனால் ஒரு பாட்டி ஏன் படிக்க முடியாமல் கண்ணைச் சுருக்குகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைக்கு அங்கே இடம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

சித்தப்பா நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். அவர் மகனுக்கு எது பிடித்ததோ அது அவனுக்குக் கிடைத்தது. உங்கள் மகளிடம் அன்றுவரை யாரும் எது பிடிக்கும் என்று கேட்கவே இல்லை, அவளே சொன்னாள். இதில் மட்டும் சொந்தக்காரர்கள் பேச்சைத் தள்ளிவையுங்கள்.

பள்ளியில் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஒருவர் இருப்பார். இந்த வாரமே மகள் அவரைப் பார்க்கட்டும், செலவில்லை. ஜூன் விடுமுறையின் முதல் வாரம் அவளை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். விண்ணப்பத்துக்கு எழுதியதையும் தளத்தின் பழைய படங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சாம்பல் எழுத்து இருந்த அந்தப் படத்தை அழித்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.