வாசகர் கேள்வி – எங்கள் பதில்: செவலில் நிற்கும் வரப்பு கரிசலில் ஏன் உடைகிறது?

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மண்ணைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு எங்கள் மண்வளக் குழுவினர் பதில் சொல்கிறார்கள்.

பக்கத்து ஊர் செவக்காட்டில் (செம்மண் நிலத்தில்) சம உயர வரப்பு, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போகும் வரப்பு, போட்டு நல்ல பலன் கண்டார்கள். அதே அளவில் எங்கள் கரிசலில் போட்டோம். முதல் பெருமழையிலேயே மூன்று இடத்தில் உடைத்துக்கொண்டு போய்விட்டது. வரப்பின் உயரம் போதவில்லையா? – வாசகர், விளாத்திகுளம்

உயரத்தைக் கூட்டினால் இன்னும் பெரிதாக உடையும். சிக்கல் மண்ணில் இருக்கிறது. கரிசலில் உள்ள களி, மாண்ட்மாரிலோனைட் வகையைச் சேர்ந்தது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடை முழுக்க நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்போது அதே மண்ணில் கட்டிய வரப்பும் சேர்ந்துதான் வெடிக்கிறது. ஐப்பசி மழையில் வரப்புக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் அந்த வெடிப்பில் நுழைந்து, உள்ளுக்குள்ளேயே குழாய்போல் அரித்து, மறுபக்கம் வெளியே வருகிறது. மேலே பார்த்தால் வரப்பு முழுசாகத்தான் இருக்கும்; திடீரென்று உட்காரும்.

தப்பித்தவறி உடையாமல் நின்றாலும் லாபமில்லை. உப்பிய கரிசல் தண்ணீரை உள்ளே விடுவது மிகக் குறைவு. நாலைந்து நாள் தேங்கினால் பயிர் மஞ்சளிக்கும், கடைசியில் நீங்களே மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டிவிடுவீர்கள்.

செவலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஆழமான கரிசலில் அதை மெதுவாக நடத்திக் கூட்டிப்போக வேண்டும். அதனால் வரப்பைச் சம மட்டத்தில் போடாமல், 100 மீட்டர் நீளத்துக்கு 20 செ.மீ. இறக்கம் வரும்படி போடுங்கள். அது முடியும் இடத்தில் புல் வளர்த்த வாய்க்கால், அதன் கடைசியில் பண்ணைக்குட்டை. வாய்க்காலில் புல் பிடிக்கும் முன் தண்ணீரைத் திருப்பிவிடாதீர்கள், ஒரே மழையில் அது ஓடையாகிவிடும். வயலுக்குள் 1.2 மீட்டர் அகலப் பாத்தி, இடையில் 30 செ.மீ. அகலமும் 15 செ.மீ. ஆழமும் உள்ள சால் என்று அமைத்தால் வடிகாலும் ஆச்சு, ஈரமும் நிற்கும். புரட்டாசியில், மழைக்கு முன், வரப்பின் மேற்சரிவுப் பக்கத்து வெடிப்புகளைக் கொத்தி மூடி இடித்துவிடுவது அவசியம்.

கரிசல் எரிமலைக் குழம்பிலிருந்து உண்டானது என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் எரிமலை ஏது? – பள்ளி ஆசிரியை, கோவில்பட்டி

நியாயமான சந்தேகம். தக்காணத்துக் கரிசலுக்கு, அதாவது மகாராஷ்டிரப் பக்கத்து மண்ணுக்கு, பசால்ட் என்னும் எரிமலைப் பாறைதான் தாய். நம் தென்மாவட்டங்களில் அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் வகைப் பாறை, அதாவது பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. செவலுக்கும் அதுவே தாய். ஒரே பாறையிலிருந்து இரண்டு நிற மண் எப்படி வருகிறது என்பதில்தான் சுவாரசியம்.

மேட்டில் மழைநீர் வடிந்துவிடும். வடியும்போது சுண்ணாம்பு, மெக்னீசியம் எல்லாவற்றையும் கரைத்து எடுத்துப் போகும். மிஞ்சிய இரும்பு காற்றுபட்டுத் துருப்பிடித்துச் சிவக்கும், அது செவல். கரைந்து போனவை பள்ளத்தில் வந்து தங்குகின்றன. அங்கே வடிகால் இல்லை, மழையும் குறைவு, அடித்துப்போகவும் வழியில்லை. சுண்ணாம்பும் மெக்னீசியமும் நிறைந்த அந்த இடத்தில், நனைந்தால் உப்பிப் பெருக்கும் களி உருவாகிறது. கரிசலைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கற்கள் வருவது இதனால்தான். பல ஊர்களில் மேட்டில் செவலும் தாழ்வில் கரிசலுமாக இருப்பதைப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டலாம்.

இன்னொன்று: கறுப்பாக இருப்பதால் மக்கு அதிகம் என்று நினைக்க வேண்டாம். மானாவாரிக் கரிசலில் கரிமச்சத்து பெரும்பாலும் அரை சதவீதத்தைத் தொடுவதில்லை.

ஒரு அங்குல மண் உருவாக எத்தனை வருடம்? – வாசகர், கரூர்

பாறை, மழை, வெப்பம் பொறுத்துச் சில நூறு ஆண்டுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேல்.

என் காட்டில் ஓடையோ பள்ளமோ விழவில்லை. அரிப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், திருப்பத்தூர்

கூடாது. ஏடு ஏடாக உரிந்து போகும் அரிப்பு கண்ணில் படாது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் 4 கன மீட்டர், எடையில் 5 டன்னுக்கு மேல். போவதும் மக்கும் உரமும் கலந்த மேல்மண்தான். மழை விட்டதும் இவற்றைப் பாருங்கள்: சிறு கற்கள் ஒவ்வொன்றும் மண் தூணின்மேல் உட்கார்ந்திருக்கிறதா? மரத்தின் மேல் வேர் வெளியே தெரிகிறதா? வேலியின் மேட்டுப்புறத்தில் மண் ஏறி, தாழ்புறத்தில் இறங்கியிருக்கிறதா? நிலக்கடலை இலையின் அடிப்பக்கம் சேறு தெறித்திருக்கிறதா? கடைசியில் சொன்னது முதல் அறிகுறி. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. அது உடைத்துவிடும் மண்ணைத்தான் ஓடும் தண்ணீர் எடுத்துப் போகிறது. ஆகவே வரப்பை விட முந்தியது மூடாக்கு, அதாவது இலைதழையால் மண்ணை மூடிவைப்பது.

எங்களுடையது செம்மண், லேசான சரிவு. வரப்புக்கு வரப்பு எவ்வளவு தூரம் விட வேண்டும்? – வாசகர், காங்கேயம்

சரிவு சதவீதத்தை 3-ஆல் வகுத்து, 2 கூட்டி, 0.3-ஆல் பெருக்குங்கள். வருவது இரண்டு வரப்புகளுக்கு இடையிலான உயர வித்தியாசம், மீட்டரில். 3 சதவீதச் சரிவில் 0.9 மீட்டர், தரையில் 30 மீட்டர் இடைவெளி. 2 சதவீதச் சரிவில் 40 மீட்டர்.

மட்டம் பார்க்கக் கருவி வாங்க வேண்டாம். 2 மீட்டர் மூங்கில் இரண்டை 'ஏ' எழுத்துபோல் கட்டி, குறுக்கே ஒரு குச்சி, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு. இரண்டு முளைகளின்மேல் கால்களை வைத்து, நூல் குறுக்குக் குச்சியில் படும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளியே சமமட்டம். இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே காட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். மூங்கில் இரண்டும் துல்லியமாக ஒரே நீளத்தில் அமைவதில்லை. கோடு முழுதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

வரப்பு: உயரம் 60 செ.மீ., மேலகலம் 30 செ.மீ., அடியகலம் 2.1 மீட்டர். அடியில் உள்ள புல்லையும் வேரையும் செதுக்கி எடுத்துவிட்டு, 15 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு இடியுங்கள். மண் பிறகு இறங்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு உயரம் கூட்டி வையுங்கள். மண் எடுக்கும் குழி மேட்டுப்புறத்தில், வரப்படியிலிருந்து 30 செ.மீ. தள்ளி. தாழ்வான இடத்தில், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மிகுதித் தண்ணீர் வழிந்து போகக் கல் பதித்த கலிங்கு ஒன்று கண்டிப்பாக வேண்டும். அது இல்லாத வரப்பு நிரம்பி வழிந்தே உடையும்.

30 மீட்டருக்கு 2.1 மீட்டர் என்றால் நிலத்தில் 7 சதவீதம் வரப்புக்குப் போகிறது. வருத்தம்தான். உங்கள் பக்கத்துக் கொழுக்கட்டைப்புல்லை அதில் விதைத்துவிட்டால் வரப்பும் பிடிக்கும், மாட்டுக்கும் ஆகும். வெட்டிவேர் என்றால் 15 செ.மீ.க்கு ஒரு குத்து, குத்துக்கு இரண்டு மூன்று தூர். விட்டுவிட்டு நட்டால் இடுக்கில் தண்ணீர் குவிந்து அங்கேயே அரிக்கும்.

தேரி மண் (செம்மணல்) ஆடிக்காற்றில் நாற்றை மூடுகிறது. மதில் கட்டலாமா? – வாசகர், சாத்தான்குளம்

மதில் வேண்டாம். காற்று அதன்மேல் ஏறிக் குதித்து மறுபக்கம் சுழன்று மணலை அள்ளும். பாதிக் காற்றை உள்ளே விடும் தட்டி போதும்: பனையோலைத் தட்டி அல்லது சவுக்கு, முந்திரி வரிசை. காற்று மேற்கிலிருந்து வருவதால் வரிசை வடக்கு தெற்காக இருக்க வேண்டும். தட்டியின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காப்பு கிடைக்கும்.

கேரட் பாத்தியை மேலிருந்து கீழாகப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது. தவறு என்கிறார்களே? – வாசகர், கோத்தகிரி

தண்ணீரோடு மண்ணும் வடிகிறது. உள்நோக்கிச் சாய்ந்த படிக்கட்டு நிலத்தில், சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட வேண்டும். ஆனால் சமவெளிக்குச் சொன்னதுபோல் குழி வெட்டித் தண்ணீரைத் தேக்கிவிடாதீர்கள். செங்குத்தான சரிவில் ஆழமான மண் ஊறி எடை கூடினால் மண் மொத்தமாகச் சரியும். 2009 நவம்பரில் நீலகிரி பார்த்தது அதைத்தான். ஒவ்வொரு படியின் உட்புறத்திலும் ஒரு சிறு வாய்க்கால் வைத்து, பக்கத்தில் கல் பதித்த வடிகாலில் இறக்குங்கள். படியின் விளிம்பில் உள்ள புல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.