குளிர்காலத்தில் துணி காய 500 பவுண்டு செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு நான்கு முறை வாஷிங் மெஷின் ஓடும். நவம்பர் வந்துவிட்டால் துணியெல்லாம் ரேடியேட்டர் மேல்தான். சுவர் மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது. 500 பவுண்டுக்கு ஒரு ஹீட் பம்ப் டிரையர் பார்த்தேன், மாதத் தவணையில் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரு நல்ல டிஹியூமிடிஃபையர், அதாவது அறைக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தண்ணீராகச் சேர்க்கும் மெஷின். 150 முதல் 200 பவுண்டுக்குள் கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். மின்சாரம் ஒரு யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுச் சரிபாருங்கள். பழைய வகை கண்டென்சர் டிரையர் ஒரு முறைக்கு நாலரை யூனிட் இழுக்கும், அதாவது 1 பவுண்டு 10 பென்ஸுக்கு மேல். ஹீட் பம்ப் வகைக்கு சுமார் 2 யூனிட், 50 பென்ஸ். 200 வாட் டிஹியூமிடிஃபையர் இரவில் 7 மணி நேரம் ஓடினால் 1.4 யூனிட், 35 பென்ஸ். நவம்பர் முதல் மார்ச் வரை சுமார் 80 முறை துவைப்பீர்கள். கண்டென்சருக்கு 90, ஹீட் பம்புக்கு 40, டிஹியூமிடிஃபையருக்கு 28 பவுண்டு. மெஷின் விலையிலும் 300 பவுண்டாவது மிச்சம். அதைவிட முக்கியம், குளியலறை, சமையலறை ஈரத்தையும் டிஹியூமிடிஃபையர் எடுக்கும். டிரையர் அதைச் செய்யாது.

ரேடியேட்டர் மேல் போடுவதை இன்றே நிறுத்துங்கள். துணியிலிருந்து போகும் தண்ணீர் எங்கே போகும்? ஒரு லோடில் சுமார் 2 லிட்டர் வரும், அது குளிர்ந்த சுவரில்தான் படியும். பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று அது. துணி காயப்போடும் ஸ்டாண்டையும் டிஹியூமிடிஃபையரையும் இருப்பதிலேயே சின்ன அறையில் வைத்து, துணியை இடைவெளி விட்டுப் போட்டு, கதவு, ஜன்னல் எல்லாம் மூடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளிக்காற்றின் ஈரத்தைத்தான் மெஷின் இழுத்துக்கொண்டிருக்கும். அப்புறம், துவைத்து முடிந்ததும் 1400 வேகத்தில் இன்னொரு ஸ்பின் விடுங்கள். அதற்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு. அறையில் சூடே இல்லையென்றால், காற்றைக் குளிர வைத்து ஈரத்தை எடுக்கும் கம்ப்ரெஸர் வகை டிஹியூமிடிஃபையர் சரியாக வேலை செய்யாது, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து ஓடும் டெசிகன்ட் வகை கேளுங்கள். அது கூடுதலாக மின்சாரம் இழுக்கும்.

பூஞ்சையைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சுவரில் நீர்க்கசிவு இருந்தால் அது அவர் பொறுப்பு.

மூன்றாவது பிள்ளை வந்து, தினமும் துவைக்க வேண்டிய நிலை வந்தால் டிரையர் வாங்கலாம். அப்போதும் ஹீட் பம்ப் வகைதான், தவணையில் வேண்டாம். இப்போதிருந்தே மாதம் 25 பவுண்டு தனியாக எடுத்து வைத்தால் 20 மாதத்தில் கையில் காசு இருக்கும்.