நூற்றைம்பது வருடப் பழைய ரிவோல்வர் புதிது போல இருக்க முடியுமா?

கேட்கப்பட்டது இதுதான்: பழைய ரிவோல்வர் சேகரிக்கிறவர்கள் தேய்ந்த ஒன்றை விடப் பல மடங்கு விலையை, புதிது போல இருக்கிற ஒன்றுக்குக் கொடுக்கிறார்கள். அவ்வளவு பழைய இரும்பு உண்மையிலேயே அப்படி இருக்குமா, அதை எப்படி நம்புவது, வன்னியில் இருக்கிற ஒருவர் இதில் ஈடுபட முடியுமா?

இருக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கிளிநொச்சியில் லேத் பட்டறை. என்னிடம் துவக்கு எதுவும் இல்லை, வைத்திருக்கிற எண்ணமும் இல்லை. பர்மிங்காமில் இருக்கிற என் சின்னம்மாவின் மகன், எனக்கு அண்ணா முறை, பழைய ரிவோல்வர்களைப் பற்றி ஆழமாகப் படித்தவர். அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு மரப்பெட்டியைத் திறந்து வைத்து, பருத்திக் கையுறையும் தந்து, "நீ இரும்பு வேலைக்காரன்தானே, பாத்திட்டுச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து இந்த விசயம் என்னை விடவில்லை. ஏலத்துக்கு வருகிற துவக்குகளின் படங்களை அவர் வட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் ஸ்குரூ ஆணிகளைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பதில் போடுவேன்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது கோல்ட் கம்பனியின் 1851 நேவி. வாய் .36 அங்குலம், ஆறு அறை, ஏழரை அங்குலத்தில் எட்டுப்பட்டைக் குழல். இப்போதைய தோட்டா அதற்குள் போகாது. ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தும் ஈயக் குண்டும் வைத்து, குழலுக்குக் கீழே மடிந்திருக்கிற நெம்பால் அமுக்கி, அறையின் பின்பக்கத்துக் காம்பில், அடிபட்டதும் வெடித்துக் கருமருந்தைப் பற்றவைக்கிற சின்னச் செப்புக் கேப் ஒன்றைப் பொருத்த வேண்டும். சாமுவேல் கோல்ட் 1830இல், பதினாறு வயதில், கப்பலேறிக் கல்கத்தா வரைக்கும் வந்து போனவர். சுழலும் உருளையின் முதல் மாதிரியை அந்தப் பயணத்தில் மரத்தில் செதுக்கியதாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார். 1836இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1851இல் லண்டனில் சிவில் பொறியியலாளர்களின் சபை முன்னால் நின்று, துவக்கின் பாகங்களை இயந்திரத்தால் எப்படிச் செய்வது என்று விளக்கினார். 1853இல் தேம்ஸ் கரையில் பிம்லிகோவில் தொழிற்சாலையே திறந்தார். அண்ணாவிடம் இருப்பது அங்கே செய்தது. குழலின் மேற்பக்கத்தில் கேர்ணல் கோல்ட், லண்டன் என்ற முகவரி வெட்டியிருக்கிறது. இயந்திர வேலை செய்து பிழைக்கிற எனக்கு, 1850களிலேயே இவ்வளவு ஒழுங்காகக் கடைந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்ததே பெரிய சந்தோசம்.

இனி நிலைமை. "புதிது போல" என்றதும் பளபளப்பைத்தான் பலர் நினைக்கிறார்கள். சேகரிப்பவர் தேடுவது தொழிற்சாலையில் கொடுத்த மேற்பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை. அந்த மேற்பூச்சு ஒரே வகையானதும் இல்லை. 1851 நேவியில் குழலும் உருளையும் நீலம். மினுக்கிய எஃகைக் கரிச்சூட்டில் வைத்து எடுத்த நீலம் அது. மிக மெல்லியது, உறையில் செருகி எடுக்க எடுக்கவே போய்விடும். நடுச்சட்டமும், அடிக்கும் குதிரையும், நெம்பும் வேறு விதம். எலும்புக்கரியோடு இரும்புப் பெட்டியில் அடைத்துச் சூடாக்கித் தண்ணீரில் கொட்டுவார்கள். மேற்தோல் மட்டும் கடினமாகும். கூடவே நீலமும் மண்ணிறமும் சாம்பலும் கலந்த திட்டுத் திட்டான நிறம் விழும். வெயில் பட்டால் அந்த நிறம் வெளுத்துவிடும். ஆகவே அது உயிரோடு இருந்தால், அந்தத் துவக்கு வெளிச்சம் படாத பெட்டிக்குள் காலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்குரூ ஆணிகளின் தலை இன்னும் வெளிச்சமான நீலம். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் செய்தவற்றில் கைபிடியைச் சுற்றியுள்ள பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள், அதுவும் இலகுவில் தேயும்.

உருளையைச் சுற்றி ஒரு கடற்சண்டை பொறித்திருக்கும். டெக்சாஸ் கடற்படை 1843 மே 16இல் மெக்சிக்கோவின் கப்பல்களோடு மோதியது. வரைந்தவர் ஓம்ஸ்பி என்கிற, பணத்தாளுக்கு அச்சு வெட்டுகிற கலைஞர். கையால் ஒவ்வொன்றாகச் செதுக்கவில்லை. கடினமான அச்சுருளையை அமுக்கி உருட்டிப் பதித்திருக்கிறார்கள். ஆழம் மிகக் குறைவு என்பதால் பாவித்த துவக்குகளில் முதலில் அழிவது இந்தக் கப்பல்கள்தான். அண்ணாவின் துவக்கில் பாய்மரக் கயிறுகள்கூடத் தெரிந்தன. விரலை அதன் மேல் ஓடவிட எனக்கு மனம் வரவில்லை.

எப்படி நம்புவது என்ற கேள்விக்கு நான் சொல்லக்கூடியது பட்டறைக் கண்ணால் பார்ப்பதுதான். பழைய துவக்கை மினுக்கித் திரும்பவும் நீலம் போட்டு விற்கிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஆனால் மினுக்குச் சில்லு பொய் சொல்லாது. அது ஓடிய இடத்தில் விளிம்புகள் மழுங்கும். எட்டுப்பட்டைக் குழலின் மூலை கூர்மையை இழக்கும். ஆணித் துளையின் வாய் இழுபட்டுக் கிண்ணம் போலக் குழியும். எழுத்தின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் கரைந்தும் நிற்கும். நீலத்துக்கு அடியில் துருக்குழி தெரிந்தால் துரு முதலில், நீலம் பிறகு. எல்லாப் பாகமும் ஒரே நிறத்தில் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது ஸ்குரூ ஆணிகளை. தலையின் வெட்டு நேராகவும் கூராகவும் இருந்தால் அந்தத் துவக்கைப் பிரித்தவர்கள் குறைவு, பிரித்தவரும் சரியான திருப்புளி வைத்திருந்தவர். வெட்டு கிழிந்திருந்தும் சட்டம் புதிது போல மின்னினால், யாரோ கை வைத்திருக்கிறார்கள். தேய்வுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதும் முக்கியம். குழலின் வாயோரம் உறையில் உரசித் தேய்ந்திருக்க, உருளையின் கப்பல்கள் மட்டும் நேற்றுப் பதித்தவை போல நின்றால், அந்த உருளை வேறு துவக்கிலிருந்து வந்திருக்கலாம். இதற்காகவே தொடர் எண்ணை எல்லாப் பாகத்திலும் ஒப்பிடுவார்கள்: குழல், சட்டம், உருளை, விசைக்காப்பு, குழலைப் பூட்டுகிற சின்ன ஆப்பில்கூட எண் இருக்கும். அந்த ஆப்பு தொலைந்து வேறொன்று மாட்டியிருப்பது அடிக்கடி நடக்கிற காரியம்.

சுட்ட துவக்கா சுடாத துவக்கா என்பதைக் காம்புகள் சொல்லும். அந்தக் காலத்துக் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்த பிறகு மிஞ்சுவது ஒரு வகை உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். கருமருந்தின் கசடும் ஈரம் இழுக்கும். சுட்டுவிட்டு அன்றைக்கே வெந்நீரில் கழுவாத துவக்கில் காம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருக்கும். அண்ணாவின் துவக்கில் ஆறு காம்பும் கூர் மழுங்காமல் இருந்தன.

அமெரிக்காவில் இந்த நிலைமைகளுக்குப் பெயரிட்டு வகுத்திருக்கிறார்கள். தேசிய ரைபிள் சங்கத்தின் பழந்துவக்கு அளவுகோலில், முதல் மேற்பூச்சு முழுவதும் இருந்து உள்ளும் புறமும் குறையே இல்லாதது உச்சம். அதற்கு அடுத்தது, முதல் பாகங்கள் எல்லாம் இருந்து, மேற்பூச்சு 80 சதவீதத்துக்கு மேல் இருந்து, எழுத்துகள் கூராக இருப்பது. 30 சதவீதத்துக்கு மேல் என்றாலே நல்ல துவக்கு. நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு நீலம் மிஞ்சுவதே பெரிய காரியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

பர்மிங்காம் என்றால் வெப்ளியைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கம்பனியின், மேற்பூட்டை விட்டதும் குழல் கீழே மடிந்து திறக்கிற ரிவோல்வரை 1887இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்டது. வரிசையின் கடைசியான ஆறாம் மாதிரி 1915இல் வந்தது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் பலவற்றின் உருளையை, அங்கே கிடைக்கிற தோட்டா போட வேண்டும் என்பதற்காகப் பின்பக்கம் கடைந்து மெல்லிதாக்கினார்கள். அந்த வேலை லேத்தில் சில நிமிடம்தான். ஆனால் கடைந்த இரும்பை ஒருவராலும் திரும்ப ஒட்ட முடியாது. அப்படிப்பட்ட படம் வருகிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

கையில் நல்ல துவக்கு இருக்கிறவர் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். உப்புத்தாளும் மினுக்குப் பசையும் கிட்டேயே வரக்கூடாது. வெறும் விரல் பட்டால் வியர்வை உப்பு சில நாளில் ரேகையாகத் துருப்பிடிக்கும், அதற்குத்தான் அந்தக் கையுறை. தோலுறைக்குள் வைத்துப் பூட்டுவது தவறு. தோல் பதனிட்ட அமிலமும் ஈரமும் பித்தளையில் பச்சை ஏற்றும், எஃகில் குழி விழுத்தும். அண்ணா பூசுவது பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுகூடத்தில் உருவான ஒரு மெழுகு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக. பெட்டிக்குள் வெல்வெட் ஈரம் பிடித்திருக்கிறதா என்றும் அடிக்கடி பார்ப்பார், ஏனென்றால் பெட்டிக்குள் படுத்தபடியே ஒரு பக்கம் மட்டும் துருப்பிடித்த துவக்குகள் ஏராளம்.

வன்னியில் இதைச் செய்யலாமா? துவக்கைச் சேகரிப்பது என்றால், வேண்டாம். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. "பழசுதானே" என்ற நம்பிக்கையில் ஒன்றையும் வீட்டில் வைக்காதீர்கள். பிரிட்டனில் கேப் போட்டுச் சுடுகிற பழைய ரிவோல்வரை அழகுப் பொருளாக, சுடாமல் வைத்திருக்க உரிமம் வேண்டியதில்லை. அண்ணா அங்கே செய்கிறதை இங்கே செய்ய நினைப்பது ஆபத்து. எங்களுடைய தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்து, அதற்கு முந்திய பொருள்களை மனதில் கொண்டு 1940இல் எழுதப்பட்டது. பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்த 1803இல் கையிலிருந்தவை தீக்கல் துவக்குகள். ரிவோல்வர்கள் அதற்கெல்லாம் பிந்தியவை.

காணி துப்புரவாக்கும்போது துருப்பிடித்த துவக்குப் போல எது தெரிந்தாலும் தொடவே வேண்டாம். பக்கத்தில் வேறு என்ன புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சாமான் நூறு வருடம் கெடாமல் கிடக்க, ஒரே வீடும் ஒரே லாச்சியும் ஓடத் தேவையில்லாத ஆக்களும் வேண்டும். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. 2009இல் கையில் கிடைத்ததோடு போனோம். திரும்பி வந்தபோது கூரைத் தகரம்கூட இல்லை. மிஞ்சின இரும்பு பழைய இரும்புக்காரரிடம் போனது. அதனால்தான் அந்த மரப்பெட்டியைத் திறந்தபோது எனக்குத் துவக்கின் மேல் ஆசை வரவில்லை, அதை அப்படியே இருக்கவிட்ட வீடுகளின் மேல் வந்தது.

இந்தக் கண்ணை வேறு சாமான்களில் பாவிக்கலாம். நான் அதைத்தான் செய்கிறேன். இடம்பெயர்வுகளைத் தாண்டி வந்த றலி சைக்கிள், சிங்கர் தையல் மிசின், பெற்றோமாக்ஸ், பாக்குவெட்டி, பொருளாதாரத் தடைக்காலத்து ஜாம் போத்தல் விளக்கு. றலியின் தலைக்குழாயில் முதல் முத்திரை இருக்கிறதா, சட்டத்தின் பொன்கோடு தொழிற்சாலை போட்டதா கடையில் போட்டதா, மிசினின் பூவேலை எண்ணெயில் கரைந்ததா துணியில் தேய்ந்ததா என்று பார்க்கலாம். பட்டறைக்குக் கொண்டு வந்து "அண்ணை, நல்லா மினுக்கித் தாங்கோ" என்கிறவர்களிடம், ஓடுகிற பாகத்தை மட்டும் திருத்தித் தருகிறேன், மேலே கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

உண்மையான ரிவோல்வர்களைப் பார்க்க வேண்டுமென்றால், இங்கிலாந்தில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் லீட்ஸில் உள்ள றோயல் ஆமரீஸ் அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் என்றால் ஹார்ட்ஃபோர்டில் உள்ள வாட்ஸ்வர்த் அத்தீனியம். கோல்ட் தானே சேர்த்த துவக்குகளை அவருடைய மனைவி எலிசபெத் 1905இல் அதற்கு எழுதி வைத்தார். போகிறவர்களிடம் கண்ணாடிக்கு வெளியே நின்று ஸ்குரூ ஆணிகளையும் உருளையில் இருக்கிற கப்பல்களையும் கிட்டப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எதுவும் விளங்காவிட்டால் கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.