சமுதாயக் கல்லூரிக்குத் தொழில் தேடல் மென்பொருளை எப்படி மதிப்பிடுவது?

நம் விருப்பங்களைக் கேட்டறிந்து, அதற்கேற்ற வேலைகளையும் படிப்புகளையும் காட்டுவதுதான் தொழில் தேடல் மென்பொருள். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள், அதாவது இரண்டாண்டுப் படிப்புகள் தரும் உள்ளூர்க் கல்லூரிகள், இதைக் காசு கொடுத்து வாங்கும்போது கேள்வித்தாளைப் பார்த்தே மயங்கிவிடலாம். ஆனால் பல மென்பொருள்களின் அடித்தளம் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலந்து 1959-இல் முன்வைத்த கோட்பாட்டின் ஆறு விருப்ப வகைகள்தான். வேலைகளைப் பற்றிய தகவல் தரும் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் அதே அடிப்படையில் 60 கேள்விகள் கொண்ட தேர்வு இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? முடிவு வந்த பிறகு என்ன காட்டுகிறது என்பதை. ஊர்ப் பெயர்கள் மட்டும் உள்ள வரைபடத்தை வைத்து யாரும் பயணம் போக முடியாது. பாதையும் தெரிய வேண்டும். 'எக்ஸ்ரே டெக்னீஷியன்' என்று தேடிப் பாருங்கள். இரண்டாண்டுப் பட்டம் போதுமா, மாநில உரிமம் வேண்டுமா, உங்கள் கல்லூரியில் அந்தப் படிப்பு இருக்கிறதா, சம்பளம் உள்ளூர்க் கணக்கா தேசியச் சராசரியா, அது எந்த ஆண்டுத் தரவு என்பதெல்லாம் தெரிய வேண்டும். நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால் முடித்த பாடங்கள் கணக்கில் சேருமா என்பதும் முக்கியம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் சமுதாயக் கல்லூரிகளில் ஏராளம். அவர்களுக்கு ஒரு பருவம் வீணானாலும் பெரிய இழப்பு. அப்புறம், கைபேசியில் சிரமமில்லாமல் இயங்க வேண்டும்.

இந்தத் தேர்வு திறமையை அளக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அளப்பது விருப்பத்தை மட்டுமே, அதனால் பட்டியலில் வராத வேலை உங்களுக்கு வராது என்று அர்த்தமில்லை.