நீல டப்பாவும் தரங்கம்பாடியும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்குத் திருமணமாகிப் பதினைந்து வருடங்கள் ஆகின்றன. மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஒன்பது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். இந்த வருடத் திருமண நாளுக்கு நாங்கள் இருவர் மட்டும் தரங்கம்பாடி போய் ஓர் இரவு தங்கிவிட்டு வரலாம் என்று என் கணவர் சொல்கிறார். "போய்விட்டு வாருங்கள், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மாமியாரும் சொல்லிவிட்டார். ஆனால் நாத்தனாரிடம் சொன்னபோது, "அந்தப் பக்கம் போவதென்றால் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகலாமே, இப்போது என்ன அவசரம்?" என்று சிரித்தார். அதிலிருந்து மனசு சரியில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு ஊர் சுற்றுவது தவறா?

நிறைய பிஸ்கட் செய்து வைத்துவிட்டுப் போனால் அவர்களுக்கு ஏக்கம் தெரியாது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. தம்பி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த நீல நிற டேனிஷ் பிஸ்கட் டப்பா இருக்கிறது. இப்போது அதில் ஊசியும் நூலும்தான். அது நிறையும் அளவுக்குச் சுலபமான செய்முறை ஒன்று சொல்வீர்களா?

வாசகி, கும்பகோணம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் நாத்தனார் சொன்னதைப் படித்து நானும் சிரித்தேன். கேலிதான் என்றாலும் ஊர் வழக்கத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் கணவனும் மனைவியும் ஜோடியாக வெளியூர் போக இரண்டே சந்தர்ப்பங்கள்: கல்யாணமான புதிதில் ஒருமுறை, அறுபதில் ஒருமுறை. முதல் தடவை ஒருவரைப் பற்றி மற்றவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் தடவை கூடவே மூன்று வேன் நிறைய உறவுக்காரர்கள்.

என் மாமனார் மாமியாருக்குத் திருக்கடையூரில்தான் அறுபதாம் கல்யாணம் நடந்தது. மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த சுவாமி அல்லவா, முகூர்த்த நாளில் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் மாலையும் கழுத்துமாக வயதான ஜோடிகள். கலசத் தண்ணீரை ஆளுக்கொரு குடமாக ஊற்றி முடித்தபோது என் மாமனார் நடுங்கிக்கொண்டே திரும்பி மாமியாரைப் பார்த்தார். மாமியாரும் பார்த்தார். சொட்டச் சொட்ட நனைந்த முகத்தில் இருவருக்கும் ஒரு சிரிப்பு. அதற்குள் "ஐயா, இங்கே பாருங்கள்" என்று போட்டோகிராபர் குரல் கொடுத்துவிட்டார். அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இருவரும் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் போய்விட்டு வாருங்கள். திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பத்து கிலோமீட்டருக்குள்தான். நாத்தனார் கேட்டால், வழியில் அபிராமியையும் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நாங்கள் போனது 2008 ஜனவரியில். எங்களுக்கும் அப்போது பதினான்கு வருட இல்லறம், வீட்டில் இரண்டு பிள்ளைகள். மயிலாடுதுறையில் பஸ் மாறினோம். (1986 வரை அங்கிருந்து தரங்கம்பாடிக்கு ரயிலே ஓடியது. இன்று அந்தத் தடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.) பஸ்ஸில் என்ன பேசினோம் தெரியுமா? கேஸ் சிலிண்டர் பதிந்தாயிற்றா, பெரியவனின் டியூஷனுக்குப் பணம் கொடுத்தாயிற்றா, மாடித் தொட்டியின் விரிசலை யாரிடம் காட்டுவது. இறங்குவதற்குள் அதுவும் தீர்ந்துவிட்டது. நகர வாயிலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தபோது இருவருக்கும் பேச ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பயமாகவே இருந்தது. வீட்டையும் பிள்ளைகளையும் கழித்தால் எங்களுக்குள் மிச்சம் ஒன்றுமே இல்லையா?

உங்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் வரும். அப்போது செல்போனை எடுத்துவிடாதீர்கள். உங்களிடம் சொல்ல நினைத்ததே இதுதான், மற்றதெல்லாம் கொசுறு.

டேனிஷ் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாசிலாமணி நாதர் கோயில் பக்கம் போனோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்த கோயில். அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பக்கத்தைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. கரையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கியது, அலையின் நிறம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அவர் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை வாங்கிவந்தார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, தோலை ஊதிவிட்டு, பருப்பைப் பாதியாகப் பிரித்து என் பக்கம் காகிதத்தில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த கையையும் அப்படியே ஊதினார், அப்படியே பிரித்தார்.

கல்யாணமான வருடம் சினிமா இடைவேளைகளில் இப்படித்தான் செய்வார். பிறகு பிள்ளைகள் வந்தார்கள், ஊதிய கடலையெல்லாம் அவர்களுக்குப் போனது. போக வேண்டியதுதான். ஆனால் அந்தப் பழக்கம் அவர் கையில் இன்னும் இருந்தது எனக்குத் தெரியாது. அதன் பிறகு பேச்சு தானாக வந்தது. என்ன பேசினோம் என்பது உங்களுக்குத் தேவையில்லை.

இப்போது பிஸ்கட். கிளம்புவதற்கு முந்தின இரவு நானும் உங்களைப் போலத்தான், இரண்டு தூக்கு நிறைய முறுக்கு சுட்டு வைத்தேன். முறுக்கு என்று பெயர், உண்மையில் அபராதக் கட்டணம். போய்ச் சேர்ந்ததிலிருந்து வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தேன். நான்காம் முறை மகள் எடுத்து, "அம்மா, அப்புறம் பேசுகிறேன், பிஸ்கட் கருகுகிறது" என்று வைத்துவிட்டாள். அடுப்பில் பிஸ்கட் சுடலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது. என் மாமியாருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமாக அந்த அடுப்படியில் நான் நின்றுகொண்டிருந்ததால் அவர் சொல்ல நேரவில்லை, அவ்வளவுதான். திரும்பி வந்து பார்த்தால் முறுக்கு வைத்தது வைத்தபடி இருக்கிறது. அடி கறுத்த பிஸ்கட் இரண்டை மட்டும் எங்களுக்கென்று கிண்ணத்தில் மூடி வைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், நான் இல்லாமல் இவ்வளவு சந்தோஷமா என்று எனக்குச் சுருக்கென்றது. ராத்திரிதான் அந்தப் பிஸ்கட்டைத் தின்றேன். கருகியதைத் தட்டிவிட்டால் நன்றாகவே இருந்தது.

ஆகையால் நீங்கள் பிஸ்கட் செய்ய வேண்டாம். சாமான்களை எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். பாட்டியும் பேரப் பிள்ளைகளும் செய்யட்டும். செய்முறையை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்: பொடித்த சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200 கிராம், மைதா 300 கிராம். உங்கள் டப்பாவில் வந்த டேனிஷ் பிஸ்கட்டும் கிட்டத்தட்ட இந்தச் சங்கதிதான். வெண்ணெய்க்குப் பதில் நெய் என்றால் 160 கிராம் போதும், ஏனென்றால் வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். நெய்யில் செய்தால் நான்கட்டாய் என்ற நெய் பிஸ்கட்டின் ருசி வரும், எனக்கு அதுதான் பிடிக்கும். கடை வெண்ணெய் உப்புப் போட்டது என்றால் தனியாக உப்பு வேண்டாம். ஏலக்காய் இரண்டு தட்டிப் போடலாம்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் கையாலேயே வெளுக்கும் வரை குழைக்க வேண்டும். இது உங்கள் மகனின் வேலை. பிறகு மைதாவைக் கொட்டி உருண்டு வரும் வரை சேர்த்தால் போதும். சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் பிஸ்கட் வறட்டியாகிவிடும். தண்ணீரோ பாலோ ஒரு சொட்டும் கூடாது. நம் ஊர் வெயிலில் வெண்ணெய் இளகிவிடும், அதனால் மாவை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டியில் பரவி எல்லாம் ஒரே பிஸ்கட்டாகிவிடும். பெரிய நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாகத் தட்டி, நடுவில் கட்டை விரலால் ஒரு குழி.

ஓவனுக்குப் பதில் அடி கனமான பழைய அலுமினியச் சட்டி போதும். நல்ல குக்கரைத் தண்ணீரில்லாமல் காயவைத்துப் பாழாக்க வேண்டாம். அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் காயவிட வேண்டும். பிஸ்கட் அடுக்கிய தட்டை வளையத்தின் மேல் வைத்துத் தீயைக் குறைத்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம். தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு வைத்தால் அடி கருகாது. எங்கள் வீட்டில் அதை வைக்க மறந்திருந்தார்கள். அடுப்புப் பக்கம் உங்கள் மாமியார் மட்டும் நிற்கட்டும். ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று மறுபடி உள்ளே வைக்கக் கூடாது. ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

இந்த அளவுக்கு நாற்பது பிஸ்கட் வரும். ஒரு தட்டில் எட்டுதான் பிடிக்கும். ஐந்து ஈடு போட்டு எடுப்பதற்குள் ஒரு மதியம் முழுக்க ஓடிவிடும். அவர்களுக்கு உங்களை நினைத்து ஏங்க நேரம் இருக்காது. அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

டேனிஷ்காரர்கள் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கித் தரங்கம்பாடியில் இறங்கி, 1845-ல் ஆங்கிலேயருக்கு ஊரை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். நமக்கு அவர்கள் விட்டுப்போனது ஒரு கோட்டை, அனுப்பிக்கொண்டே இருப்பது ஊசி நூல் டப்பா என்பார் என் கணவர். தமிழ் வீடுகளில் அந்த நீல டப்பாவைத் திறந்து பிஸ்கட்டைப் பார்த்த குழந்தை அபூர்வம். உங்கள் பிள்ளைகளாவது பார்க்கட்டும். கிளம்பும் முன் உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான்: அதிலுள்ள ஊசிகளை எண்ணி எடுத்து வேறொரு டப்பாவில் போட்டுவிட்டு, அதைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

அன்புடன்,
அக்கா